டோவருக்குப் பேராயம் கிடையாது: சஃப்ரகன் பிஷப் பட்டத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி

சபையின் நூற்றாண்டு மலருக்குத் தகவல் சேர்க்கிறவர்கள், குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள், தாத்தா காலத்துப் பெட்டியைத் திறந்து பழைய ஆங்கில ஜெபப் புத்தகத்தை வெளியே எடுத்தவர்கள் என்று வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம் பக்கத்தில் பலருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படி ஒரு பெயர் கண்ணில் படும்: பிஷப் ஆஃப் டோவர், பிஷப் ஆஃப் பெட்ஃபோர்ட், பிஷப் ஆஃப் ரிச்மண்ட். ஊர்ப் பெயர்தான் இருக்கிறதே என்று மலரில் ‘டோவர் பேராயத்தின் பிஷப்’ என்று அச்சாகிவிடும். டோவருக்கென்று ஒரு பேராயம், அதாவது ஒரு பிஷப்பின் ஆளுகைக்கு உட்பட்ட தனிப் பகுதி, இருந்ததே இல்லை. டோவர் பிஷப் என்பவர் கேன்டர்பரி பேராயத்துக்குள், ஆர்ச்பிஷப்புக்குத் துணையாக வேலை செய்கிறவர். இந்த மாதிரித் துணை பிஷப்பைத்தான் ஆங்கிலிக்கன் சபையில் சஃப்ரகன் பிஷப் என்கிறார்கள். அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் ஊரை வைத்து வரலாறு எழுத உட்கார்ந்தால் பாதியில் தடுமாறிப் போவோம்.

நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கவேண்டும். 1960-ல் எழுதிய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும், 1989-ல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019-க்குப் பிறகு அதே நிலம் ராணிப்பேட்டை மாவட்டத்திலோ திருப்பத்தூர் மாவட்டத்திலோ இருக்கும். இன்னும் பின்னால் போனால், 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். மாவட்டத்தின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் தொலைந்துபோவார், சர்வே நம்பரைப் பிடித்தவருக்கு நிலம் கிடைக்கும். சஃப்ரகன் பட்டத்திலும் பெயர் ஒரு பக்கம் போகும், அந்தப் பெயர் உட்கார்ந்திருக்கும் இருக்கை இன்னொரு பக்கம் போகும். இரண்டையும் தனித்தனியாகத் தொடர்ந்து போகத் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் பொறுமைதான்.

முதலில் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நானம் பெற்றவரை பிஷப் கை வைத்து முழு உறுப்பினராக்கும் சடங்கு) பரிசாகக் கொடுத்த பைபிளின் முதல் தாளிலோ ஒரு கடிதத்தின் கீழேயோ பிஷப் கையெழுத்து இப்படி இருக்கும்: இடது ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி, அதை ஒட்டிச் சொந்தப் பெயர் (பல சமயம் முதலெழுத்து மட்டும்), அடுத்து ஊர்ப் பெயர். குடும்பப் பெயர் இருக்காது. ஆகவே ‘எட்வர்ட் டோவர்’ என்று பார்த்தால் டோவர் அவருடைய அப்பா வழிப் பெயர் என்று நினைக்க வேண்டாம், அது அவர் பட்டம். 1870-ல் டோவர் பிஷப்பானவரின் முழுப்பெயர் எட்வர்ட் பாரி. குடும்பப் பெயர் தெரியாமல் குருமார் டைரக்டரியில் தேடவே முடியாது என்பதால் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. கேன்டர்பரி, யார்க், டர்ஹம் மாதிரிப் பழைய பேராயங்களின் பிஷப்கள் லத்தீனில் ஊர்ப் பெயரைச் சுருக்கிப் போடுவார்கள்: கேன்டுவார், எபோர், டனெல்ம். சஃப்ரகன் பிஷப்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரை அப்படியே எழுதிவிடுவார்கள். இது உறுதியான சாட்சி ஆகாது, ஆனாலும் நல்ல துப்பு.

கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புத்தகம் அச்சான ஆண்டு, தபால் முத்திரை, கல்லில் வெட்டிய ஆண்டு என்று எதையாவது பிடித்தே ஆகவேண்டும். ஆண்டு இல்லாத சஃப்ரகன் பட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏன் என்று கேட்டால், ஒரே ஊர்ப் பெயர் ஒரு காலத்தில் துணை பிஷப்பின் பட்டமாக இருந்து, பிறகு முழுப் பேராயத்தின் பட்டமாக மாறியிருக்கும். கில்ட்ஃபோர்ட் 1874-ல் வின்செஸ்டர் பேராயத்தின் சஃப்ரகன் பட்டமாக வந்தது, 1927-ல் அதுவே தனிப் பேராயம். சதக் 1891-லிருந்து ரோச்செஸ்டருக்குக் கீழே சஃப்ரகன், 1905-ல் தனிப் பேராயம். கவென்ட்ரி, டெர்பி, லெஸ்டர் எல்லாம் இதே வழியில் வந்தவைதான். தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ரிப்பன் 1836-லிருந்து முழுப் பேராயமாக இருந்து, 2014-ல் பிராட்ஃபோர்ட், வேக்ஃபீல்ட் பேராயங்களோடு சேர்ந்து லீட்ஸ் பேராயம் ஆனது. இன்றைக்கு ‘பிஷப் ஆஃப் ரிப்பன்’ என்றால் லீட்ஸ் பிஷப்புக்குக் கீழே உள்ள பகுதி பிஷப். 1900-ல் எழுதிய கடிதத்தில் ‘ரிப்பன்’ என்று கையெழுத்திட்டவர் ஒரு பேராயத்துக்கே தலைவர், 2020-ல் எழுதிய கடிதத்தில் அப்படி இல்லை.

எந்தக் காலத்துப் பட்டம்?

ஆண்டு கிடைத்ததும் அதை ஒரு சட்ட வரலாற்றின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் தீரும்.

1534-க்கு முன்னால் இங்கிலாந்தில் உதவி பிஷப்களுக்கு ரோம் பட்டம் கொடுத்தது. கிழக்கே எப்போதோ அழிந்துபோன, அல்லது வேற்று ஆட்சிக்குள் போய்விட்ட பழைய பேராயங்களின் பெயர்கள் அவை. கத்தோலிக்க சபையில் துணை ஆயர்களுக்கு இன்றைக்கும் இந்த வழக்கம்தான் இருக்கிறது. எட்டாம் ஹென்றி ரோமை விட்டுப் பிரிந்ததும் அந்த வழி அடைபட்டது. 1534-ல் வந்த சஃப்ரகன் பிஷப்கள் சட்டம் 26 இடங்களின் பெயரைப் பட்டியலாகக் கொடுத்தது: டோவர், பெட்ஃபோர்ட், கோல்செஸ்டர், இப்ஸ்விச், தெட்ஃபோர்ட், நாட்டிங்ஹம், ஹல், பென்ரித், ஷ்ரூஸ்பரி, ஐல் ஆஃப் வைட் என்று போகும் அது. உதவி வேண்டும் என்கிற பிஷப் இரண்டு பேரின் பெயரை மன்னருக்கு அனுப்ப வேண்டும், மன்னர் அதில் ஒருவரைத் தேர்ந்து பட்டியலில் உள்ள ஓர் ஊரின் பெயரைப் பட்டமாகக் கொடுப்பார். அதிகாரம் எவ்வளவு என்பதைத் தலைமை பிஷப் எழுதிக் கொடுக்கும் ஆணைதான் தீர்மானிக்கும், ஊர்ப் பெயரால் எந்த அதிகாரமும் வராது. 1536-ல் இப்ஸ்விச், தெட்ஃபோர்ட் இரண்டுக்கும் பிஷப்கள் அபிஷேகம் பெற்றார்கள்.

ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் அந்த பிஷப்பின் பேராயத்துக்குள் இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஒரே ஆர்ச்பிஷப்பின் மாகாணத்துக்குள், அதாவது அவருக்குக் கீழே உள்ள பேராயங்களுக்குள், இருந்தால் சரி. 1537-ல் பெட்ஃபோர்ட் பட்டம் பெற்ற ஜான் ஹாட்கின்ஸ் வேலை செய்தது லண்டன் பேராயத்தில். 1559-ல் மேத்யூ பார்க்கரை கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக அபிஷேகம் செய்த நான்கு பிஷப்களில் இவரும் ஒருவர். ஆங்கிலிக்கன் சபையின் அபிஷேக வரிசையே அந்த ஒரு நாளைத் தொட்டுத்தான் வருகிறது என்று பார்த்தால், ஒரு துணை பிஷப்பின் கை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

ஜான் ஸ்டெர்ன் என்பவர் 1592-ல் கோல்செஸ்டர் பிஷப்பானார். அவர் இறந்த பிறகு அந்த வழக்கமே நின்றுபோனது. 1870-ல் நாட்டிங்ஹமுக்கு ஹென்றி மெக்கன்சியும் டோவருக்கு எட்வர்ட் பாரியும் வரும் வரைக்கும் இரண்டரை நூற்றாண்டு இங்கிலாந்தில் சஃப்ரகன் பிஷப்பே கிடையாது. 1700-களில் ஒரு இங்கிலாந்து சஃப்ரகன் பிஷப் இருந்தார் என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரியைத் தாராளமாக அடித்துவிடலாம்.

1870-ல் பழைய சட்டத்தைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள், அதனால் பட்டியலும் மூன்று நூற்றாண்டு பழையது. அதிலிருந்த பிரிஸ்டலும் குளோஸ்டரும் எட்டாம் ஹென்றி காலத்திலேயே தனிப் பேராயங்கள் ஆகிவிட்டன. தொழிற்சாலை ஊர்களாக வளர்ந்துவிட்ட இடங்களின் பெயர் பட்டியலிலேயே இல்லை. 1879-ல் வால்ஷம் ஹவ் கிழக்கு லண்டனின் ஏழை மக்களிடையே வேலை செய்ய வந்தபோது அவருக்குக் கிடைத்த பட்டம் பெட்ஃபோர்ட். பெட்ஃபோர்ட் அப்போது ஈலி பேராயத்தில் இருந்த ஊர், அவர் வேலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1888-ல் வந்த இன்னொரு சட்டம்தான் பட்டியலுக்கு வெளியே உள்ள ஊர்களையும் பட்டமாக வைக்க வழி செய்தது. அதன் பிறகு 1895-ல் கிழக்கு லண்டனுக்கு ஸ்டெப்னி என்று அந்தப் பகுதியின் பெயரிலேயே பட்டம் வந்தது. பெட்ஃபோர்ட் பட்டம் இன்று செயின்ட் ஆல்பன்ஸ் பேராயத்தில் இருக்கிறது, இப்போது ஊரும் பட்டமும் ஒரே பேராயத்துக்குள்.

ஒரு பட்டத்தை முழுதாகத் தொடர்ந்து பார்ப்போம்

ஜான் புல்லைன் என்பவர் 1888-ல் ரிப்பன் பேராயத்துக்குத் துணை பிஷப்பாக வருகிறார். பழைய பட்டியலைத் தாண்டிப் போக முடியாததால் அவருக்குக் கிடைத்தது ‘பென்ரித்’. பென்ரித் இருப்பது கம்பர்லாந்தில், கார்லைல் பேராயத்தில். ரிப்பன் இருப்பது யார்க்ஷயரில். இரண்டும் யார்க் மாகாணம் என்பதால் சட்டப்படி சரி. புதிய சட்டம் வந்ததும் 1889-ல் அவர் பட்டம் ரிச்மண்ட் என்று மாறுகிறது, அது அவர் வேலை செய்த யார்க்ஷயரிலேயே உள்ள ஊர். அதே ஆள், அதே வேலை, அதே தலைமை பிஷப். பெயர் மட்டும் வேறு. இது தெரியாதவர் பென்ரித் பிஷப் ஒருவர், ரிச்மண்ட் பிஷப் வேறொருவர் என்று இரண்டு பேராக்கி எழுதிவிடுவார்.

ரிச்மண்ட் பட்டம் பிறகு நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்தது, ரிப்பனுக்கு நேர்ஸ்பரோ என்ற இன்னொரு சஃப்ரகன் பட்டம் 1905-லேயே வந்திருந்தது. லீட்ஸ் பேராயம் உருவான பிறகு 2015-ல் ரிச்மண்டுக்கு மீண்டும் உயிர் வந்தது. 2018-ல் அந்த இருக்கையின் பெயர் கிர்க்ஸ்டால் ஆனது. நேர்ஸ்பரோ பிஷப்பாக இருந்தவர் ரிப்பன் பிஷப் என்று அழைக்கப்படலானார். இதற்கிடையில் பென்ரித் என்ற பெயர் என்ன ஆனது? அது 20-ஆம் நூற்றாண்டில் தன் சொந்த இடமான கார்லைல் பேராயத்தில் சஃப்ரகன் பட்டமாக வந்து இன்றும் இருக்கிறது. ஆக, 1888-ன் பென்ரித் பிஷப்புக்கும் இன்றைய பென்ரித் பிஷப்புக்கும் இடையே பெயர் ஒன்றுதான் பொதுவானது, இருக்கை வழியில் புல்லைனுக்கு அடுத்த வரிசை கிர்க்ஸ்டாலில் போய் நிற்கிறது. நீங்கள் எழுதும்போது இந்த இரண்டு வழிகளையும் தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள், இடது பக்கம் பெயர் எங்கெல்லாம் போனது, வலது பக்கம் எந்தப் பேராயத்துக்கு உதவியாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஆண்டு.

ஆளில்லாமல் கிடக்கும் பட்டம் செத்துப்போனது என்று முடிவுகட்ட வேண்டாம். இஸ்லிங்டன் பட்டத்தில் 1898 முதல் 1923 வரை ஒரே ஒருவர் இருந்தார், அப்புறம் 2015 வரை யாரும் இல்லை, அந்த ஆண்டில் மறுபடி ஒருவர் வந்தார். அதே 2015 ஜனவரியில் இங்கிலாந்து சபையின் முதல் பெண் பிஷப்பாக லிபி லேன் அபிஷேகம் பெற்றதும் ஒரு சஃப்ரகன் பட்டத்துக்குத்தான், ஸ்டாக்போர்ட். நம் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) நந்தியாலில் 2013-லேயே ஒரு பெண் பிஷப்பாகிவிட்டார் என்பதை இங்கே சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக்கு வந்தால்

இந்தியாவில் ‘சஃப்ரகன்’ என்ற சொல்லைப் பழைய தாள்களில் பார்த்தால் உடனே துணை பிஷப் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆர்ச்பிஷப்புக்கோ மெட்ரோபாலிட்டனுக்கோ (பல பேராயங்களுக்குத் தலைமை பிஷப்) கீழே உள்ள முழு பிஷப்பையும் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். கல்கத்தா பேராயம் 1814-ல் வந்தது, சென்னைப் பேராயம் 1835-ல் வந்தது, சென்னை பிஷப் கல்கத்தா மெட்ரோபாலிட்டனுக்குக் கீழே. அந்த அர்த்தத்தில் சென்னை பிஷப்பே ஒரு சஃப்ரகன். பக்கத்து வரியையும் படித்து எந்த அர்த்தம் என்று முடிவு செய்யுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த கால்டுவெல்லையே எடுத்துக்கொள்வோம். ‘திருநெல்வேலி பேராயத்தின் பிஷப்’ என்று அவரைப் பற்றி எத்தனை இடத்தில் படித்திருப்போம்! 1877-ல் கல்கத்தாவில் அவரும் எட்வர்ட் சார்ஜென்டும் அபிஷேகம் பெற்றது சென்னை பிஷப்புக்கு உதவி பிஷப்களாக. இங்கிலாந்து சஃப்ரகன்களுக்கு இருந்தது போலச் சொந்த ஊர்ப் பட்டம் அவர்களுக்கு இல்லை. திருநெல்வேலி தனிப் பேராயமானது 1896-ல், கால்டுவெல் இறந்தது 1891-ல். அவர் பெருமை இதனால் ஒரு துளியும் குறையாது, ஆனால் மலரில் சரியாக எழுதுவது நம் கடமை. 1912-ல் அபிஷேகம் பெற்ற அசரியா இன்னொரு மாதிரி: தோர்ணக்கல் பேராயத்துக்கு முழு பிஷப், கூடவே சென்னை பிஷப்புக்கு உதவி பிஷப். ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு நிலை இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வேலூரின் கதை வேறு. இங்குள்ள சபைகளில் பெரும்பாலானவை 1853-ல் அமைந்த அமெரிக்கன் ஆற்காடு மிஷனின் வழியில் வந்தவை, ஸ்கடர் குடும்பத்தார் பாடுபட்ட மிஷன் அது. அது ரிஃபார்ம்டு சபை, அங்கே பிஷப் பதவியே கிடையாது. 1908-ல் அந்தச் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன, அதிலும் பிஷப் இல்லை. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்த பிறகுதான் நம் சபைகளுக்கு பிஷப் வந்தார், அதுவும் சென்னை பிஷப். வேலூர்ப் பேராயம் 1976-ல் தனியானது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வடிகட்டுவது சுலபம். உங்கள் கையில் உள்ள பொருள் 1947-க்கு முந்தையது, அதில் ஆங்கிலிக்கன் பிஷப் பெயர் இருக்கிறது என்றால், அது கோட்டைக்குள் 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச் வழியாகவோ பட்டாள ஆயர்கள் வழியாகவோ ஆங்கிலேயக் குடும்பங்கள் வழியாகவோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். 1947-க்குப் பிந்தையது என்றால், சி.எம்.சி.க்கும் மிஷன் பள்ளிகளுக்கும் இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர்கள், நர்ஸ்கள், ஆசிரியர்கள் கொண்டுவந்த புத்தகமாக இருக்கலாம். அந்த பிஷப் வேலூருக்கு வந்தார் என்று அந்த ஒரு கையெழுத்தை வைத்து எழுதிவிடக் கூடாது. திடப்படுத்தல் பெற்ற ஊரும் தேதியும் அதே தாளில் இருந்தால், அதை முதலில் படியுங்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது

முதல் இடம் லண்டன் கெசட், பிரிட்டிஷ் அரசிதழ். வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1888-க்குப் பிறகு புதிய ஊர் பட்டமானபோதெல்லாம் அரச ஆணை அதில் வந்திருக்கும், நியமனமும் வந்திருக்கும். ஊர்ப் பெயரோடு சஃப்ரகன் என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள், உங்களிடம் உள்ள ஆண்டுக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு நீளமான ஒரே வாக்கியமாக இருக்கும். அதில் எந்தப் பேராயம் என்று வரும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்து ஆங்கிலிக்கன் குருமார் பட்டியலான க்ராக்ஃபோர்ட் டைரக்டரி, 1858-லிருந்து வருகிறது. பழைய பதிப்புகள் பல ஸ்கேன் செய்து இணையத்தில் கிடைக்கின்றன. குடும்பப் பெயர் தெரிந்தால் படித்த கல்லூரி, குருப்பட்டம் பெற்ற ஆண்டு, எங்கே எந்த ஆண்டு பிஷப்பாக அபிஷேகம் என்று வரிசையாக இருக்கும். சுருக்கெழுத்தாகவே போட்டிருப்பார்கள், புத்தகத்தின் முன்பக்கத்தில் விளக்கம் இருக்கும், அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் தலைவலி குறையும். யார்க் ஆர்ச்பிஷப் அபிஷேகம் செய்திருந்தால் பெரும்பாலும் வட மாகாணம், கேன்டர்பரி என்றால் தென் மாகாணம். 1897-க்கு முந்தைய அபிஷேகங்களுக்கு வில்லியம் ஸ்டப்ஸ் தொகுத்த பட்டியல் இருக்கிறது, டியூடர் காலத்து சஃப்ரகன்களும் அதில் வருவார்கள்.

இந்தியப் பக்கத்துக்கு, எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை அரசாங்கத்தின் திருச்சபைத் துறைக் கோப்புகள் உண்டு. பெங்களூரு யுனைடெட் தியலாஜிக்கல் காலேஜ் ஆவணக் காப்பகத்தில் மிஷன்களின் தாள்கள் உண்டு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பற்றிய சென்னை மாகாணப் பதிவுகளின் நகல் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது, கோட்டைப் பட்டாளக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் கை கொடுக்கும். உங்கள் சபையின் சொந்தப் பதிவேட்டையும் விட்டுவிடாதீர்கள். ஆயரிடம் அனுமதி கேட்டு, பக்கத்தைப் புரட்டும்போது ஓரத்தைப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். தாள் பொடிந்துபோகிற நிலையில் இருந்தால் புரட்டவே வேண்டாம், திறந்திருக்கும் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் கிடைத்த பிறகு மலரில் எழுதும் வரி இப்படி இருக்கட்டும்: ‘எட்வர்ட் பாரி, டோவர் பிஷப் (கேன்டர்பரி பேராயத்தின் சஃப்ரகன்), 1870 முதல்’. ஆளின் முழுப்பெயர், பட்டம், உதவி செய்த பேராயம், ஆண்டு, நான்கும் வேண்டும். பட்டம் இடையில் மாறியிருந்தால் இரண்டையும் ஆண்டோடு போடுங்கள்: ‘ஜான் புல்லைன், பென்ரித் பிஷப் 1888, ரிச்மண்ட் பிஷப் 1889 முதல் (இரண்டும் ரிப்பன் பேராயத்தின் சஃப்ரகன்)’. அமெரிக்க எபிஸ்கோபல் சபைக்காரராக இருந்தால் சஃப்ரகனுக்குத் தனி ஊர்ப் பட்டம் இருக்காது, பேராயத்தின் பெயரோடுதான் வரும், அங்கே ஊரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நான்கில் ஒன்று கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கையெழுத்தின் படத்தைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள், அடுத்து தேடுகிறவர் அங்கிருந்து தொடரட்டும்.